இருக்கை வைத்த புல்வெட்டி: ஒரு சிறு வரலாறு

1994ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள லாரன்ஸ் என்னும் சிற்றூரிலிருந்து 73 வயது முதியவர் ஒருவர் பயணம் புறப்பட்டார். அவர் பெயர் ஆல்வின் ஸ்ட்ரெய்ட். அடுத்த மாநிலமான விஸ்கான்சினில், ஏறக்குறைய 240 மைல் தொலைவில், அவருடைய 80 வயது அண்ணன் ஹென்றி பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டிருந்தார். ஆல்வினுக்குப் பார்வை மங்கியிருந்தது. ஓட்டுநர் உரிமம் இல்லை. பிறர் ஓட்டும் பேருந்தில் ஏறிச் செல்லவும் அவருக்கு மனமில்லை. ஆனால் உரிமம் கேட்காத வண்டி ஒன்று அவரிடம் இருந்தது. அது 1966ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஜான் டீர் புல்வெட்டி. வீட்டுப் புல்வெளியை உட்கார்ந்தபடியே வெட்டுவதற்கான சிறு இயந்திரம். அதன் பின்னால் ஓர் இழுவண்டியைக் கோத்து, பெட்ரோல், துணிமணி, உணவு, கூடாரச் சாமான்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, மணிக்கு 5 மைல் வேகத்தில் நெடுஞ்சாலையின் ஓரமாகவே ஓட்டிச் சென்றார்.

இந்நிகழ்ச்சியை டேவிட் லிஞ்ச் 1999இல் ‘தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி’ என்னும் திரைப்படமாக்கினார். படத்தைப் பார்த்தவர்கள் அண்ணன் தம்பி உறவைப் பற்றிப் பேசுவார்கள். முதுமையைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கோ அதில் ஒரு சிறு காட்சி மனத்தைவிட்டு அகலவில்லை. முதலில் கொண்டு புறப்பட்ட பழைய வண்டி வழியிலேயே நின்றுவிட, ஆல்வின் ஊர் திரும்பி, 325 டாலர் கொடுத்து அந்த 1966ஆம் ஆண்டு ஜான் டீரை வாங்குகிறார். எளிய மனிதர் ஒருவர் தம் கைக்கு எட்டிய விலையில் ஓர் இயந்திரத்தை வாங்கி, ஓட்டிப் பார்த்து, அதை நம்பிப் புறப்படும் காட்சி அது. அத்தகைய வண்டி அத்தகைய மனிதரின் கைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்று கேட்டால், விடை ஓர் ஆங்கிலேயக் கம்பளி ஆலையில் தொடங்குகிறது.

கம்பளியிலிருந்து புல்லுக்கு

புல்வெளி என்பது தொடக்கத்தில் செல்வத்தின் விளம்பரம். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், மாளிகையின் வாசலிலிருந்து கண்ணுக்கெட்டிய தொலைவு வரை விளைச்சல் எதுவும் இன்றிப் பச்சையாக விரிந்து கிடக்கும் நிலம், தன் உடைமையாளன் அந்த நிலத்தில் பயிரிட்டு உண்ண வேண்டிய நிலையில் இல்லை என்பதை ஊருக்கு அறிவித்தது. லான்சலாட் பிரவுன் போன்ற தோட்டக் கலைஞர்கள் அந்த அழகியலை நாடெங்கும் பரப்பினர். தொலைவிலிருந்த புல்லை ஆடுகள் மேய்ந்தன. மாளிகையை ஒட்டிய புல்லை, நீண்ட கைப்பிடி கொண்ட அரிவாளால் ஆட்கள் வெட்டினர். பனி ஈரம் இருக்கும்போதுதான் அரிவாளுக்குப் புல் நன்றாக வசப்படும். ஆகவே விடியலில் தொடங்கி, வெயில் ஏறுமுன் வேலையை முடித்தாக வேண்டும். பிரபு கண்விழிக்கும் வேளையில் புல்வெளி தானாகவே வழவழப்பாக இருந்ததுபோல் தோன்றும். உழைப்பு கண்ணுக்குத் தெரியாதிருப்பதே அந்த அழகின் இலக்கணம்.

க்ளாஸ்டர்ஷையர் பகுதியிலுள்ள ஸ்ட்ரவுட் பள்ளத்தாக்கு அக்காலத்தில் கம்பளித் துணி ஆலைகளுக்குப் பெயர்பெற்றது. நெய்து முடித்த கம்பளியின் மேற்பரப்பில் எழும்பி நிற்கும் நுண்ணிய இழைகளைச் சீராகக் கத்தரிக்க, உருளையின் மேல் திருகுபோல் சுற்றிச் செல்லும் கத்திகளைக் கொண்ட இயந்திரம் அங்கே பயன்பட்டது. எட்வின் பியர்ட் பட்டிங் என்னும் இயந்திரத் தொழிலாளர் அதைக் கண்டார். கம்பளியின் இழையைக் கத்தரிக்கும் உருளை, புல்லின் நுனியை ஏன் கத்தரிக்கக் கூடாது என்பதே அவருடைய எண்ணம். 1830ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஜான் ஃபெராபீ என்பவரின் வார்ப்பாலையில் அந்த இயந்திரம் உருவாயிற்று. அண்டை வீட்டார் தம்மைப் பித்தர் என்று எண்ணிவிடுவரோ என அஞ்சி, பட்டிங் இரவில்தான் அதைச் சோதித்துப் பார்த்தார் என்றொரு செவிவழிக் கதையும் உண்டு. அது உண்மையோ இல்லையோ, ஓர் இயந்திரத்தை முதன்முதலில் ஓட்டிப் பார்ப்பவரின் கூச்சத்தை அது நன்றாகவே சொல்கிறது.

தம் காப்புரிமை விண்ணப்பத்தில் பட்டிங் கவனிக்கத்தக்க ஒரு செய்தியைச் சேர்த்திருந்தார். நாட்டுப்புறச் சீமான்கள் தாங்களே இந்த இயந்திரத்தைத் தள்ளினால் அது அவர்களுக்குப் பொழுதுபோக்காகவும் பயனுள்ள உடற்பயிற்சியாகவும் அமையும் என்பது அதன் சாரம். கூலியாளின் வேலையைச் சீமானின் விளையாட்டாக மாற்றும் முயற்சி அங்கேயே தொடங்கிவிட்டது. இன்றைய புல்வெட்டி விளம்பரங்கள் அனைத்தும் ஏதோ ஒரு வகையில் அந்த வாக்கியத்தின் பேரப்பிள்ளைகள் என்று சொன்னால் மிகையாகாது.

குதிரையும் இருக்கையும்

1832இல் இப்ஸ்விச் நகரின் ரான்ஸம்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று இவ்வியந்திரத்தைச் செய்யத் தொடங்கிற்று. வார்ப்பிரும்பாலான அந்த எடை மிகுந்த பொருளை ஒருவர் தள்ள, மற்றொருவர் முன்னாலிருந்து இழுக்க வேண்டியிருந்தது. 1840களில் ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் நகரைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஷாங்க்ஸ், மட்டக்குதிரை இழுக்கும் பெரிய புல்வெட்டியைச் செய்தார். குளம்பு பதிந்து புல்தரையில் பள்ளம் விழுமே என்ற கவலை எழுந்தபோது, குதிரைகளின் கால்களுக்குத் தோல் காலணி மாட்டினர். புல்லுக்காகக் குதிரைக்குச் செருப்பு தைத்த காலம் அது.

குதிரை வந்ததும் மனிதனின் நிலையும் மாறியது. பின்னால் நடந்து சென்றவன், நாளடைவில் பெரிய இயந்திரங்களில் பொருத்தப்பட்ட இருக்கையில் ஏறி அமர்ந்தான். உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியின் மூதாதை இதுவே. 1893இல் லங்காஷையரைச் சேர்ந்த ஜேம்ஸ் சம்னர் நீராவிப் புல்வெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். கொதிகலன் சூடேறும் வரை காத்திருக்க வேண்டியிருந்ததும், அதன் பெரும் எடையும் அதற்குப் பகையாயின. 1902இல் ரான்ஸம்ஸ் நிறுவனம் பெட்ரோல் இயந்திரம் பூட்டிய புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வாங்க வல்லவர்கள் பெருஞ்செல்வர்களும், விளையாட்டுத் திடல்களும் பூங்காக்களும் வைத்திருந்தோரும் மட்டுமே. இருக்கை வந்துவிட்டது, ஆனால் அதில் அமர்ந்தவன் இன்னும் கூலியாள்தான். புல்வெளியின் உடைமையாளன் மாளிகைக்குள் இருந்தான்.

வேலியில்லாத தெரு

உடைமையாளனும் கூலியாளும் ஒரே மனிதனாக மாறியது அமெரிக்காவில். 1869இல் சிகாகோவை அடுத்த ரிவர்சைட் என்னும் புறநகரைத் திட்டமிட்ட ஃப்ரெடரிக் லா ஓல்ம்ஸ்டெட், ஒவ்வொரு வீடும் தெருவிலிருந்து 30 அடி உள்ளே தள்ளி இருக்க வேண்டும் என்று வகுத்தார். உயர்ந்த மதில்களை அவர் விரும்பவில்லை. மறு ஆண்டு வெளிவந்த புறநகர்த் தோட்டங்கள் பற்றிய தம் நூலில் ஃப்ராங்க் ஜே. ஸ்காட், மழித்தாற்போல் வெட்டப்பட்ட புல்லே வீட்டின் முதன்மையான அழகு என்றும், வேலி போட்டு அதை அயலார் கண்ணிலிருந்து மறைப்பது நல்லுறவுக்கு இழுக்கு என்றும் வாதிட்டார். அதே 1870இல் இந்தியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரைச் சேர்ந்த எல்வுட் மெக்குவயர், ஒருவரே தள்ளக்கூடிய எடை குறைந்த புல்வெட்டியை வடிவமைத்தார். கொள்கையும் கருவியும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன.

வேலியை எடுத்துவிட்டால் விளைவு என்ன? ஒவ்வொருவர் புல்லும் மற்றவர் பார்வைக்கு உட்பட்டதாகிறது. அயல்வீட்டுப் புல் வெட்டப்பட்டு நம் புல் வளர்ந்து கிடந்தால் எல்லைக்கோடு தானாகவே தெரியும். வேலி இருந்தபோது நிலத்தைப் பிரித்தது. வேலி போனபின் சோம்பலைக் காட்டிக்கொடுத்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இது சட்டமாகவே ஆயிற்று. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1947இல் லெவிட் குடும்பத்தார் எழுப்பத் தொடங்கிய லெவிட்டவுனில், போரிலிருந்து திரும்பிய படைவீரர்களின் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் குடியேறின. 60 அடிக்கு 100 அடி மனை, நடுவில் சிறு வீடு, சுற்றிலும் புல். வேலி கூடாது. பருவகாலத்தில் வாரம் ஒரு முறையேனும் புல் வெட்டியாக வேண்டும். இவை ஒப்பந்த விதிகள். வெள்ளையரல்லாதார் அங்கே குடியிருக்கக் கூடாது என்ற விதியும் தொடக்ககால ஒப்பந்தங்களில் இருந்தது என்பதைச் சொல்லாமல் கடந்து செல்வது முறையன்று. வேலியில்லாத அந்தப் புல்வெளிக்குக் கண்ணுக்குத் தெரியாத வேறொரு வேலி இருந்தது.

ஆக, பிரபுவின் புல் எழுத்தருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் கிடைத்தது. ஆனால் பிரபுவின் பணியாட்கள் கிடைக்கவில்லை. சனிக்கிழமை காலையில் தம் புல்லுக்குத் தாமே பணியாளாக அவர்கள் மாறினார்கள்.

இருக்கை மலிந்த கதை

மனிதனின் இந்தப் புதிய கடமையை எளிதாக்கியவை இரண்டு மாற்றங்கள்.

முதலாவது, சுழல்கத்தி. பட்டிங்கின் உருளை புல்லைக் கத்தரிக்கோல் போல வெட்டுவது. உருளையின் கத்தியும் அடியிலுள்ள நிலையான கத்தியும் மயிரிழை இடைவெளியில் பொருந்த வேண்டும். அதைச் செய்வதற்கும் கூர்தீட்டுவதற்கும் திறன் தேவை. சுழல்கத்தியோ, ஒரு மின்விசிறியின் இறக்கைபோலக் கிடைமட்டமாகச் சுழன்று, வேகத்தாலேயே புல்லை அறுத்து எறிவது. வெட்டு அத்தனை நேர்த்தியாக இராது. ஆனால் ஒரு இரும்புப் பட்டையும், அதைச் சுழற்ற ஓர் இயந்திரமும், மூடி மறைக்க ஒரு தகட்டுக் கூடும் போதும். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1952இல் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் தம் வீட்டுக் கொட்டகையில் செய்த சுழல்கத்திப் புல்வெட்டிக்கு, காலியான பீச் பழ டப்பாவே பெட்ரோல் கலம். ‘விக்டா’ என்ற புகழ்பெற்ற பெயர் அதிலிருந்து பிறந்தது. மலிவின் வரலாற்றில் அந்தப் பழ டப்பாவுக்கு ஓர் இடம் உண்டு.

இரண்டாவது, சிறு இயந்திரத்தின் விலை வீழ்ச்சி. மில்வாக்கி நகரின் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனம் 1953இல் வார்ப்பிரும்புக்குப் பதில் அலுமினியக் கலவையில் அச்சு வார்த்த சிறு பெட்ரோல் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. எடை குறைந்தது, பெருந்தொகையாகச் செய்வது எளிதாயிற்று. இயந்திரத்தைத் தாமே செய்ய இயலாத சிறு பட்டறைகளும் அதை வாங்கிப் பொருத்தித் தம் பெயரில் புல்வெட்டி விற்கலாம் என்ற நிலை உருவாயிற்று.

இருக்கை வைத்த வண்டிகள் இந்தச் சூழலில்தான் பெருகின. இந்தியானாவின் சௌத் பெண்ட் நகரில் பாண்ட் குடும்பத்தார் 1946இல் தொடங்கிய முயற்சி ‘வீல் ஹார்ஸ்’ என்னும் சிறு டிராக்டராயிற்று. 1960களின் தொடக்கத்தில் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் ‘கப் கேடட்’ வண்டியோடு களமிறங்கிற்று. பெரிய உழவு டிராக்டர்களுக்குப் பெயர்பெற்ற ஜான் டீர் நிறுவனம், 1963இல் 110 என்னும் வகையை வெளியிட்டது. விஸ்கான்சின் மாநிலத்தின் ஹொரிகான் நகரில், முன்பு விதைப்புக் கருவிகள் செய்த ஆலையில் அது உருவாயிற்று. முதலில் 7 குதிரைத்திறன்; விரைவிலேயே 8. பெரிய டிராக்டரின் அதே பச்சையும் மஞ்சளும். மகன் நகரத்தில் எழுத்தராக இருக்கலாம். ஆனால் சனிக்கிழமையன்று அவன் அமரும் இருக்கையின் நிறம், அவன் தந்தை உழவில் அமர்ந்த இருக்கையின் நிறம். அந்த வண்டி விற்றதற்கு அதன் இயந்திரத்திறன் மட்டும் காரணமாக இருந்திருக்காது என்றே தோன்றுகிறது.

1969இல் அந்நிறுவனம் இன்னொரு சோதனையும் செய்தது. வெண்ணிற வண்டிக்குச் சிவப்பு, ஆரஞ்சு, நீலம், மஞ்சள் என நான்கு நிறங்களில் மூடியும் இருக்கையும் பொருத்தி, ‘பேஷியோ’ என்ற பெயரில் விற்றது. வீட்டின் நிறத்துக்கு ஒத்த நிறத்தில் புல்வெட்டி! மக்கள் பெரிதாக வரவேற்கவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் அது நின்றுபோய், பச்சையே நிலைத்தது.

இரு வகை மலிவு

இங்கே மலிவு என்ற சொல்லைச் சற்று நின்று நோக்க வேண்டும். வாங்கும் நாளில் விலை குறைவாக இருப்பது ஒரு மலிவு. முப்பது ஆண்டு உழைத்து, பழுதானால் கைக்கெட்டும் செலவில் சரியாகி, மீண்டும் உழைப்பது மற்றொரு மலிவு. முன்னது விலைச்சீட்டில் தெரியும்; பின்னது தெரியாது.

1970களுக்குப் பின் முன்னதே வென்றது. பெரும் சங்கிலிக் கடைகள் விற்பனையைக் கைப்பற்றின. டென்னசியில் பெரிய ஆலை நடத்திய முர்ரே, கிளீவ்லாந்து பகுதியின் எம்டிடி ஆகிய நிறுவனங்கள் பல கடைகளின் பல பெயர்களுக்குப் புல்வெட்டி செய்து தந்தன. ஒரே வண்டி, நிறமும் சின்னமும் மாறி வெவ்வேறு பெயரில் நிற்பது வழக்கமாயிற்று. தகடு மெலிந்தது. உலோகம் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் வந்தது. முன் அச்சிலும் சக்கரத்திலும் குண்டுத் தாங்கிகளுக்குப் பதில் எளிய புஷ்கள் வந்தன. திறந்து பழுதுபார்க்கும் கியர் பெட்டிக்குப் பதில், கெட்டால் முழுதாக மாற்ற வேண்டிய மூடிய பெட்டி வந்தது. விலை குறைந்ததற்கு இவை காரணம். ஆயுள் குறைந்ததற்கும் இவையே காரணம். அரை ஏக்கர் நிலம் வைத்திருந்தவர்களுக்கு இது பெரும் உதவி என்பதையும் மறுப்பதற்கில்லை. தள்ளுவண்டியால் முழு நாள் எடுத்த வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. முழங்கால் தேய்ந்தவர்களும் இதய நோயாளிகளும் தம் வீட்டிலேயே தொடர்ந்து வாழ முடிந்தது.

இந்தப் போக்குக்கு எதிராக ஒரு நிகழ்ச்சி 2002இல் நடந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் மெக்டொனோ நகரில் செய்யப்பட்ட ஸ்னாப்பர் புல்வெட்டிகள், இருக்கைக்குப் பின்னால் இயந்திரம் வைத்த எளிய வண்டிகளுக்குப் பெயர்பெற்றவை. அந்நிறுவனத்தை வாங்கியிருந்த சிம்ப்ளிசிட்டி நிறுவனத்தின் தலைவர் ஜிம் வியர், வால்மார்ட் தலைமையகத்துக்கே சென்று, இனி ஸ்னாப்பரைத் தங்களுக்கு விற்கப்போவதில்லை என்று அறிவித்தார். கடை கேட்கும் விலைக்கு இறங்கினால் வண்டியின் தரத்தையும், அதைப் பழுதுபார்க்கும் சிறு விற்பனையாளர்களையும் இழக்க நேரும் என்பது அவர் கணக்கு. வால்மார்ட்டை மறுத்தவர் என்று அவர் இதழ்களில் பேசப்பட்டார். ஆனால் வரலாறு அத்துடன் நிற்கவில்லை. 2004இல் சிம்ப்ளிசிட்டியை பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் வாங்கிற்று. அதே 2004இல் முர்ரே திவாலாயிற்று. 2020இல் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனும் திவால் பாதுகாப்பு கோரிப் பின்னர் கைமாறிற்று. மறுத்தவர், இணங்கியவர், இருவருக்கும் இயந்திரம் செய்து தந்தவர் ஆகிய மூவரையும் அந்தச் சந்தை விட்டுவைக்கவில்லை.

ஓட்டிப் பார்த்தல்

எனவேதான் பழைய வண்டிகளுக்கு அமெரிக்க நாட்டுப்புறங்களில் இன்றும் மதிப்பு இருக்கிறது. கொட்டகையில் கிடக்கும் முப்பது, நாற்பது ஆண்டுப் பழைய புல்வெட்டியைச் சில நூறு டாலருக்கு வாங்குவோர் ஓட்டிப் பார்க்கும் முறை ஒரு தனிக் கலை. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே முதலில் முடுக்குவார்கள். ஏற்கெனவே சூடேற்றி வைத்த வண்டி தன் குறையை மறைக்கும். எண்ணெய் அளவுகோலை உருவி நிறத்தைப் பார்ப்பார்கள். பெட்ரோல் வாடை வீசினால் கார்புரேட்டர் கசிகிறது என்று பொருள். இயந்திரத்தை அணைத்து, ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றிவிட்டுத்தான் கத்தியின் மேல் கைவைத்து அசைப்பார்கள். ஆட்டம் கண்டால் தாங்கி தேய்ந்துவிட்டது. கத்திகளை மூடிய தகட்டுக் கூட்டின் அடிப்புறத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். ஈரப்புல் ஒட்டிக் காய்ந்து பல பருவங்கள் தங்கிவிடும் இடம் அது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இருக்கையிலிருந்து எழுந்து பார்ப்பார்கள். கத்தி ஓடும்போது எழுந்தால் இயந்திரம் தானாக நிற்க வேண்டும். இருக்கைக்கு அடியிலுள்ள சிறு விசை அதைச் செய்கிறது. பழைய வண்டிகளில் அந்த விசை இல்லாமலிருக்கலாம். அல்லது முன்னவர் யாரேனும் தொல்லை என்று வயரை இணைத்து அதைச் செயலிழக்கச் செய்திருக்கலாம். இது சிறு விஷயமன்று. தள்ளிச் செல்லும் புல்வெட்டியில், கைப்பிடியை விட்ட 3 நொடிக்குள் கத்தி நின்றாக வேண்டும் என்ற அமெரிக்க அரசு விதி 1982இல் நடைமுறைக்கு வந்தது. உட்கார்ந்து ஓட்டும் வண்டிகளை அவ்விதி தொடவில்லை. தொழில்துறை தானே வகுத்துக்கொண்ட தர அளவுகளுக்கு அவை விடப்பட்டன. சரிவில் குறுக்காக ஓட்டிக் கவிழ்ந்தவர்களும், பின்னோக்கி ஓட்டும்போது சக்கரத்துக்குப் பின்னால் வந்து நின்ற குழந்தையைக் காணாதவர்களும் உண்டு. சரிவில் மேலும் கீழுமாகவே ஓட்ட வேண்டும், குழந்தைகளை மடியில் வைத்து ஓட்டக் கூடாது என்ற எச்சரிக்கைகள் வண்டியிலேயே ஒட்டப்பட்டிருப்பது அதனால்தான். பொம்மை போலத் தோன்றுவது பொம்மையன்று.

ஆனால் மனிதன் தன் கைக்குக் கிடைத்த எதையும் விளையாட்டாக்காமல் விட்டதில்லை. 1973இல் இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸ் பகுதியில், விஸ்பரோ கிரீன் என்னும் ஊரின் மதுக்கடையில் கூடிய நண்பர்கள் சிலர், மோட்டார் பந்தயம் செல்வர்களுக்கே உரியதாகிவிட்டது என்று நொந்துகொண்டார்கள். ஒவ்வொருவர் கொட்டகையிலும் கிடக்கும் வண்டி எது என்று யோசித்தபோது புல்வெட்டி நினைவுக்கு வந்தது. கத்திகளைக் கழற்றிவிட்டு வயலில் பந்தயம் ஓட்டினார்கள். பிரிட்டனின் புல்வெட்டிப் பந்தயச் சங்கம் அப்படிப் பிறந்து, இன்றும் நடைபெறுகிறது. பிரபுவின் புல்லுக்காகப் பிறந்த இயந்திரம், செல்வரின் விளையாட்டைக் கேலி செய்யப் பயன்பட்டது.

நேர்வழி

இனி ஆல்வின் ஸ்ட்ரெய்ட்டிடம் திரும்புவோம். படத்தில் காண்பதும் நடந்ததும் முழுதும் ஒன்றல்ல. நடந்த கதையில் வண்டி நின்றது, புறப்பட்டு ஏறத்தாழ நான்கு நாளில், 21 மைல் கடந்து, வெஸ்ட் பெண்ட் என்னும் ஊரில். பிஸ்டன், கண்டென்சர், ஸ்பார்க் பிளக், ஜெனரேட்டர், ஸ்டார்ட்டர் என்று மாற்று உறுப்புகளுக்கு 250 டாலர் செலவாயிற்று. 28 ஆண்டுப் பழைய வண்டி ஒன்றுக்கு, வழியில் அகப்பட்ட ஒரு சிற்றூரில், உயிர் கொடுக்க முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். உறுப்புகள் கிடைத்தன. திறந்தால் திறக்கும்படி வண்டி இருந்தது.

அடுத்த 90 மைல் கடந்து சார்லஸ் சிட்டியை அடைந்தபோது நின்றது வண்டியன்று, கையிருப்பு. ஆகஸ்ட் மாத சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியக் காசோலை வரும் வரை அங்கேயே முகாமிட்டுக் காத்திருந்தார். பிறகு மீண்டும் கிளம்பினார். ஆகஸ்ட் 15ஆம் நாள், அண்ணன் வீட்டுக்கு 2 மைல் இருக்கையில் வண்டி மறுபடியும் நின்றது. அவ்வழியே வந்த விவசாயி ஒருவர் கூடச் சேர்ந்து தள்ளிக் கொடுத்தார். முழுப் பயணமும் ஆறு வாரம். ஹென்றி பின்னர் உடல் தேறி அயோவாவுக்கே திரும்பி வந்தார். செய்தி பரவியதும், டெக்சாசைச் சேர்ந்த ஒரு விற்பனை நிறுவனம் 5,000 டாலர் மதிப்புள்ள 17 குதிரைத்திறன் கொண்ட புதிய ஜான் டீர் புல்வெட்டியை ஆல்வினுக்குப் பரிசளித்தது. 1996 நவம்பரில் அவர் காலமானபோது, இறுதி ஊர்வலத்தில் அவருடையதைப் போன்ற ஒரு புல்வெட்டியும் உடன் சென்றது.

லிஞ்ச் இப்படத்தை ஆல்வின் சென்ற வழியிலேயே, காட்சிகளை வரிசைப்படியே படமாக்கினார். ஆல்வினாக நடித்த ரிச்சர்ட் ஃபார்ன்ஸ்வர்த்துக்கு அப்போது 79 வயதை எட்டும் பருவம். சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். மெல்ல நகரும் அவ்வண்டியின் வேகத்துக்கே படம் தன்னை ஒப்புக்கொடுத்திருப்பதால், இயக்குநரின் மற்ற படங்களை அறிந்தவர்களும் வியந்தார்கள்.

புல்வெட்டி வட்டமிடுவதற்காகச் செய்யப்பட்ட வண்டி. மனையின் விளிம்பில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்ளே வந்து, நடுவில் முடியும். மறுவாரம் மீண்டும் விளிம்பிலிருந்து தொடங்கும். அது ஓடும் மைல்களையெல்லாம் நேர்கோட்டில் நீட்டினால் எத்தனையோ ஊர் தாண்டியிருக்கும். ஆனால் தன் மனையைத் தாண்டாது. 160 ஆண்டுகளாகத் துணி ஆலையும் பிரபுவும் குதிரையும் புறநகரும் விலைச்சீட்டும் சேர்ந்து செதுக்கிய அந்த இயந்திரத்தை, ஒருவர் வேலிக்கு வெளியே ஓட்டிச் சென்றார். அவர் வண்டி பிறந்த மாநிலமும் விஸ்கான்சின். அவர் அண்ணன் படுத்திருந்த மாநிலமும் விஸ்கான்சின்.

பட்டிங்கின் சீமானுக்கு அது உடற்பயிற்சி. லெவிட்டவுன்காரருக்கு அது கடமை. பார்வை மங்கிய முதியவருக்கோ அது கால். மலிவான பொருள் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வண்டி நினைவுக்கு வருகிறது. இரு முறை நின்றது. இரு முறையும் அதை நகர்த்த முடிந்தது. ஒரு முறை 250 டாலரால்; மறுமுறை இன்னொரு மனிதரின் தோளால். கடையில் பளபளப்பாக நிற்கும் எந்த வண்டியைப் பார்த்தாலும், அது நின்றுபோகும் நாளில் நம் கையில் இருக்கும் காசும் கருவியும் அதற்குப் போதுமா என்று ஒரு கணம் கேட்டுக்கொள்வது நல்லது.